வெளுத்த செங்கல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மொட்டைமாடிக்கு ஏறிய மகா, தொட்டியைக் கண்டதும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். நாற்பது ஜிலேபி மீன்களில் ஏறக்குறைய எல்லாமே நீரின் மேற்பரப்புக்கு வந்து, வாயைப் பிளப்பதும் மூடுவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தன. இரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. பதினொரு மணிக்கு வீட்டுக்காரம்மாள் வீணா வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் முகம் சுளித்தால் போதும், அன்றைக்கே அந்தத் தொட்டி மாடியை விட்டு இறங்கியாக வேண்டும்.

அது வெறும் தொட்டியா? மகாவின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எவருக்கும் ஒரு முழ மண் சொந்தமாக இருந்ததில்லை. ஊரார் நிலத்தில் உழைத்தார்கள், ஊரார் கழிவை அள்ளினார்கள், பிழைக்க வழி தேடி இந்தப் பெங்களூர் அல்சூர்ச் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில், மண்ணே இல்லாமல், மீன் வாழும் தண்ணீரிலேயே பாலக் கீரையும் புதினாவும் முளைத்தன. குழாய் வேலை செய்யும் அவள் கணவன் முனிராஜ், கோரமங்களாவில் ஒரு பெரிய வீட்டு மாடியில் பார்த்துவிட்டு வந்து, 2004 கோடையில் தன் கையாலேயே அதைக் கட்டினான். மீன் தொட்டித் தண்ணீர் டிரம்முக்குப் போகும், டிரம்மிலிருந்து செடி நட்ட குழாய்களுக்குப் போகும், தெளிந்து மீண்டும் தொட்டிக்கே வரும். முதல் கீரையைப் பறித்த நாளில் மகா அதைச் சமைக்காமல், சுவரில் மாட்டியிருந்த புத்தர் படத்தின் முன் ஒரு தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கீழ்வீட்டு ரவிக்குமாருக்கு அது பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற குமாஸ்தா அவர். மாடியிலிருந்து நாற்றம் வருகிறது என்று வீணாவுக்கு வாரம் இருமுறை போன் செய்தார். மகா படியிறங்கும்போது, எங்கே குடிபோனாலும் சில பேர் கூடவே வாசனையையும் கொண்டுவருகிறார்கள் என்று காற்றிடம் பேசுவதுபோல் பேசினார். முதல் மாதத்தில் நாற்றம் இருந்தது உண்மைதான். முனிராஜ் அதை ஒப்புக்கொண்டான். மீன் கழிவு டிரம்மின் அடியில் தங்கி அழுகியது. வடிகட்டும் முறையைச் சரிசெய்ய வீணா ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

முனிராஜ் சரிசெய்தான். ஒரு டிரம் இருந்த இடத்தில் இரண்டு வைத்தான். முதல் டிரம்மில் தண்ணீர் ஓரமாக நுழைந்து சுழலும். கனமான கழிவு நடுவில் படியும். அடியிலுள்ள குழாயைத் தினமும் திறந்து அதை வெளியேற்றிவிடலாம். இரண்டாவதில் செங்கல் சில்லுகளையும் காய்ந்த பீர்க்கங்கூட்டையும் நிரப்பினான். பத்தே நாளில் நாற்றம் ஓடியது. மீன்கள் கொழுத்தன. பிறகு வெள்ளிக்கிழமை, இரண்டு நாள் வேலைக்கு அவன் ஓசூர் போனான்.

அன்று மாலைதான் மகா இரண்டாவது டிரம்மின் மூடியைத் திறந்தாள். செங்கல் சில்லுகள் எல்லாம் பழுப்பேறி, தொட்டால் வழுக்கும் கூழ் பூசியதுபோல் இருந்தன. இதை வீணா பார்த்தால்? ரவிக்குமார் பார்த்தால்? ஆஸ்பத்திரி வார்டுகளைத் துடைத்துத் துடைத்துப் பதினைந்து வருடம் கழித்தவள் அவள். மற்றவர்கள் ஒருமுறை கூட்டும் வாசலை இரண்டுமுறை கூட்டியவள், மகளின் பள்ளிச் சட்டையை மூன்றுமுறை அலசியவள். அழுக்கு என்று ஒருவன் சொல்லிவிடுவானோ என்ற அச்சம் அவள் கையிலேயே ஊறியிருந்தது. ஒரு டப்பா ப்ளீச்சிங் பவுடர் முழுவதையும் கரைத்தாள். சில்லு சில்லாகத் தேய்த்தாள், பீர்க்கங்கூட்டையும் விடவில்லை. நாலு தண்ணீர் விட்டு அலசி, இரவெல்லாம் காற்றாட வைத்து, சனிக்கிழமை விடியலில் மீண்டும் நிரப்பினாள். பவுடர் படிந்து செங்கல் வெளுத்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது. அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஞாயிறு காலை ஆறேகாலுக்கு முனிராஜ் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான். டிரம்முக்குள் ஒருமுறை பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

"கழுவிட்டியா?"

"பளபளன்னு வெச்சிருக்கேன். அப்புறம் ஏன் சாவுது?"

"அந்தக் கூழுதான் மகா தண்ணிய சுத்தம் பண்ணுது. அதுல உயிருங்க இருக்கு. மீன் மூத்திர விஷத்த அதுங்கதான் செடிக்குச் சாப்பாடா மாத்துது. நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

தவறு யாருடையது என்று வழக்காட நேரம் இல்லை. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிய போர்வெல் தண்ணீர் நிரப்பும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். அது சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். பழகிய அழுக்கு வேண்டும், கண்ணாடித் தொட்டிகளில் மீன் விற்கும் ரெமிஜியஸிடம் இருக்கும் என்றான். கடை திறக்கும் நேரம் பார்த்து, ஒன்பதரைக்கு மகா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டம் அலைமோதியது. முனிராஜின் பழைய நண்பனான ரெமிஜியஸ் அப்போதுதான் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"இந்தத் தெருவுக்கு வர்றவங்க மெழுகுவத்தி கேப்பாங்க, பூ கேப்பாங்க. அழுக்கு கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா."

"இருக்கா இல்லியா அண்ணா?"

"ரெண்டு வருஷமா நான் கழுவாத மீன்தொட்டி பில்டர் ஒண்ணு இருக்கு. என் பொண்டாட்டி தினம் திட்டுவா. இன்னிக்கு அவ வாய அடைச்சிடுறேன், எடுத்துக்கோ."

பழுப்புக் கூழ் படிந்த கற்களையும் பஞ்சையும் அந்தப் பழைய தண்ணீரிலேயே மூழ்கவிட்டுக் கொடுத்தான். காய்ந்தால் செத்துவிடும் என்று எச்சரித்தான். திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் வாளியைப் பார்த்து, அது என்ன கருமம் என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் மகா முந்தானையால் மூடியிருப்பாள். இன்று மூடவில்லை. தளும்பிய அழுக்குத் தண்ணீர் அவள் புடவையை நனைத்தது. மடியோடு வாளியை அணைத்துக்கொண்டு, சிக்னல் எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளுத்த சில்லுகள் அனைத்தையும் முனிராஜ் வெளியே எடுத்துக் கைப்பிடிச் சுவர்மேல் அடுக்கி வைத்திருந்தான். அந்த இடத்தில் ரெமிஜியஸின் கற்களை இறக்கினார்கள். அதற்குள் ஐந்து மீன்கள் செத்திருந்தன. மற்றவை இன்னும் மேலேயே திணறிக்கொண்டிருந்தன. டிரம்மின் மூடியைப் போடுவதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

முன்னால் வீணா. பின்னால், மூக்கில் கைக்குட்டையோடு ரவிக்குமார்.

வீணா குனிந்து டிரம்முக்குள் பார்த்தார். அவர் முகம் மாறியது. கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "ஏனம்மா இது? க்ளீன் பண்ணச் சொன்னேன், இது ஸ்வல்பமும் க்ளீனா இல்லியே."

"இதுதான் மேடம் நான் சொன்ன நாத்தம்" என்றார் ரவிக்குமார். "ஆனா இன்னிக்குப் பரவால்ல. நேத்து வந்திருக்கணும் நீங்க. நேத்து முழுக்க ஜன்னல தொறக்க முடியல. மத்தியானம் சோறு எறங்கல."

மகாவின் காதில் அந்த ஒரு சொல் மட்டும் தங்கியது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நேத்தா சார்? நேத்துதான் ஜாஸ்தியா?"

"நேத்துதான்மா. சகிக்கல."

மகா சுவரிலிருந்து ஒரு வெள்ளைச் சில்லை எடுத்தாள். வெள்ளிக்கிழமை மாலையில் தான் செய்ததை ஒன்று விடாமல், தன் தவறையும் மறைக்காமல் சொன்னாள். செத்த மீன்கள் கிடந்த சட்டியையும் காட்டினாள். நேற்று டிரம்மில் இருந்தவை இந்த வெள்ளைக் கற்கள்தான். பழுப்புக் கற்கள் வந்து அரை மணிகூட ஆகவில்லை. "நேத்து இங்க இருந்தது ப்ளீச்சிங் பவுடர் வாசனதான் சார். நீங்களே மோந்து பாருங்க" என்று கல்லை அவரிடம் நீட்டினாள்.

ரவிக்குமாரின் கை முன்னால் வரவில்லை. வராததோடு நில்லாமல் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தன் கையிலிருந்து எதையும் வாங்காத கைகளை மகா பிறந்ததிலிருந்தே அறிவாள். ஆனால் இன்றுவரை அந்தக் கைகளுக்குச் சாட்சி இருந்ததில்லை.

வீணா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கல்லைத் தானே வாங்கி மூக்கருகில் கொண்டுபோனார். மருந்து நெடி இன்னும் மிச்சமிருந்திருக்க வேண்டும், சட்டென்று விலக்கினார். குனிந்து, பழுப்புக் கற்கள் இருந்த டிரம்மையும் முகர்ந்தார். இன்னொருமுறையும் முகர்ந்தார்.

"மழை பெஞ்ச மண்ணு வாசன" என்றார் கடைசியாக. பிறகு ரவிக்குமார் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தொட்டி இருக்கட்டும். இனிமே இதுக்காக எனக்கு போன் பண்ணாதீங்க சார்."

ரவிக்குமார் ஏதோ முணுமுணுத்தபடி இறங்கினார். அவர் மாறிவிடவில்லை, மறுநாளும் அவர் ஜன்னல் சாத்தியே கிடந்தது. மாலைக்குள் இன்னும் மூன்று மீன்கள் செத்தன. இருட்டும் நேரத்தில், மிஞ்சியவற்றுள் ஒன்று முதன்முதலாகத் தொட்டியின் அடிக்கு இறங்கியது. அதைத் தொடர்ந்து இன்னொன்றும் இறங்கியது.

மகா சுவர்மேல் இருந்த வெள்ளைச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். மருந்து வாடை முழுதும் போன பின் டிரம்மில் சேர்க்கலாம், பழுப்பேற ஒரு மாதம் ஆகும் என்றான் முனிராஜ்.

"ஆவட்டும்" என்றாள் அவள்.