பூமுடி வகையறா

“உங்க குடும்பத்துல வேற யாருக்காவது தலையில இப்படி இருக்கா?” டாக்டர் சிவரஞ்சனி மறுபடியும் அதையே கேட்டார்.

“எங்க வம்சத்துலயே கெடையாதுங்கம்மா” என்றான் கோட்டைச்சாமி, அவிழ்த்த துண்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அமுதவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வம்சத்தில் இல்லையாம்! இவன் வம்சத்துத் தலையை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆம்பளைகள் அத்தனை பேரும் துண்டும் தலையுமாகத் திரிகிறவர்கள். கேட்டால் மலைக் குளிர் என்பார்கள். கீழே சிலமலை ஊர் வெயிலிலும் அதே துண்டுதான். ஊரே குலசாமிக்கு மொட்டை போடும்போது இவர்கள் மட்டும் நுனியில் ஒரு கற்றையை நறுக்கி, பூமுடி கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். எங்கள் சாமி மொட்டை கேட்காது என்பது அவர்கள் பேச்சு. ஊரில் அவர்களுக்குப் பெயரே பூமுடி வகையறா.

கோட்டைச்சாமி போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவன். கல்யாணமான புதிதில் அவன் தலையைத் தடவிய அமுதவள்ளி, கைக்கு உருண்டை உருண்டையாகத் தட்டுப்படவும் பயந்துபோனாள். சின்ன வயதில் மூட்டை சுமந்ததால் வந்தது என்றான். நம்பித் தொலைத்தாள். அன்றைக்குப் பட்டாணியாக இருந்தவை இன்றைக்கு நெல்லிக்காயாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சூட்டுக் கட்டி என்று ஒருவர் பற்றுப் போட்டார். கொழுப்புக் கட்டி என்று இன்னொருவர் இரண்டை வெட்டியெடுத்தார். அதே இடத்தில் திரும்ப முளைத்தது. போன மாதம் ஒன்று உடைந்து தலையணையெல்லாம் ரத்தமான பிறகுதான், சண்டை போட்டு அவனை இங்கே இழுத்துவந்தாள்.

டாக்டர் ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்திருந்தது.

“இதுக்குப் பேரு சிலிண்ட்ரோமா. ரொம்ப அபூர்வமா வர்ற தோல் கட்டி. இப்ப எடுத்த சதையில புற்றுநோய் இல்ல. ஆனா உடைஞ்ச கட்டியை அப்படியே விட்டு வைக்கக் கூடாது, மாறினாலும் மாறும். மதுரையில ஆபரேஷன் பண்ணி, கட்டி மொய்ச்ச தோலை எடுத்துட்டு, தொடைத் தோலை அங்க வச்சுத் தைப்பாங்க. பெரும்பாலும் இது பரம்பரையா வரும். அதனாலதான் திருப்பித் திருப்பிக் கேக்குறேன். சின்னதா இருக்கும்போதே பாத்துட்டா, ஒவ்வொண்ணா எடுத்துரலாம். இவ்வளவு பெரிய ஆபரேஷன் வேண்டியதில்ல.”

“முடியை எடுக்கணுமோ?”

“முழுசா எடுத்தாத்தான் எங்கெங்க இருக்குன்னே தெரியும்.”

“எங்க சாமிக்கு மொட்டை ஆகாதுங்கம்மா.”

“சாமிக்கு ஆகாட்டிப் போகட்டும், ஆபரேஷனுக்கு ஆகும்ல?”

கோட்டைச்சாமி துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

அதற்கப்புறம் அவனிடம் பேசியதற்கு, கல்லில் நார் உரித்திருக்கலாம். “மொட்டைத் தலையோட ஜீப்பு ஸ்டாண்டுல எப்படி நிப்பேன்? ஒவ்வொருத்தனும் கட்டியை எண்ணிப் பாப்பான்” என்றான். அப்பாவிடம் நீயாவது சொல்லேன் என்று மகள் சுஜிதாவைக் கேட்டால், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்த மகராசி கண்ணாடியைப் பார்த்துச் சடை பின்னிக்கொண்டே, “என்னைய இதுல இழுக்காதம்மா” என்றாள். இப்போதெல்லாம் தலை சீவிவிடக்கூட அவள் விடுவதில்லை. பெரிய மனுஷியாகிவிட்டாளாம்.

மிச்சமிருந்தது ஒரே வழி. கோட்டைச்சாமியின் அக்கா மருதாயி குரங்கணியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்கா சொல்லை அவன் தட்டமாட்டான். போடி கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அமுதவள்ளி மலையடிவாரத்துக்குக் கிளம்பினாள்.

காப்பிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மருதாயி முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் முறத்தை வீசாத குறைதான்.

“ஒனக்கு வேற சோலி இல்லையாத்தா? எங்க அப்பனுக்கு இல்லாததா? தலை பூராம் திராட்சைக் கொலையாட்டம் இருந்துச்சு. எம்பது வயசு வரைக்கும் வாழலையா?”

“மாமாவுக்கும் இருந்துச்சா மதினி?”

“எனக்குந்தான் இருக்கு. கொண்டைக்குள்ள கெடக்கு. யாரைக் கடிச்சுச்சு? சமைஞ்சதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வரும். அதுக்குத்தான் எங்க வீட்டுப் பொம்பளப்பிள்ளைக தன் தலையைத் தானே சீவிக்கிரும். பெத்த ஆத்தாளக்கூடத் தொட விடாது. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? நீயும் பொட்டப்பிள்ள வச்சிருக்க, வாய மூடிக்கிட்டுப் போ.”

தன் தலையைத் தானே. அமுதவள்ளி சட்டென்று எழுந்துவிட்டாள். குடித்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெரசாக ஜீப்பைப் பிடித்தாள்.

சுஜிதா குளித்துவிட்டுத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி அவளைப் பிடித்து உட்காரவைத்து முடிக்குள் விரல்களை விட்டாள். மகள் திமிறினாள். காதுக்குப் பின்னால் ஒன்று. உச்சியில் இரண்டு. ஏலக்காய் அளவுகூட இல்லை, உள்ளே இருக்கிற விதை அளவுதான். ஆனால் இருந்தது.

“எப்ப இருந்துடி?”

“தீபாவளிக்கு முன்னாடி இருந்து.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“அத்தைட்ட கேட்டேன். அம்மாட்ட சொல்லாத, அவ ஊரைக் கூட்டிருவான்னுச்சு.”

இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்குச் சோறாக்கிப் போடுகிறாள். விஷயம் தெரியாதவள் அவள் ஒருத்திதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள், இவர்கள் வம்சத்தையே துண்டுக்குள் மறைத்திருக்கிறார்கள். யாரை அடிப்பது என்று தெரியாமல் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள்.

சாப்பிட வந்த கோட்டைச்சாமி வாசலிலேயே நின்றுவிட்டான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

“எங்க இருக்கு ஆத்தா, காட்டு” என்று கிட்டே வந்தான்.

சுஜிதா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். “நீங்க யாருக்குப்பா காட்டுனீங்க?”

கதவு திறந்தே கிடந்தது, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தான். அவள் மெல்லக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். அமுதவள்ளிக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. தும்பை விட்டுவிட்டு இப்போதுதான் வாலைப் பிடிக்கிறான் என்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கத்தி வைக்க முடியாது என்று சலூன்காரர் கையை விரித்துவிட, மெஷின் போட்டு ஒட்ட எடுத்த தலையோடு கோட்டைச்சாமி வந்திருந்தான். துண்டு தோளில் கிடந்தது.

“குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?”

“எங்க அப்பனுக்கு இருந்துச்சுங்கம்மா. அக்காவுக்கு இருக்கு.” நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். மிச்சத்தை நீ சொல்லிவிடு என்கிற பார்வை.

“நீங்களே சொல்லுங்க” என்றாள் அமுதவள்ளி.

“எம் மகளுக்கும்” என்றான் கோட்டைச்சாமி, அந்த மொட்டைத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு.