நாலடி உயரத்துக்குப் போன றுகையா டீச்சர்

மருதமுனையில் கணக்குப் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், றுகையா டீச்சர் எதற்கும் அஞ்சாதவர் என்று. அப்படிப்பட்டவரே போன வருடப் பாராட்டு விழாவில் கூனிக் குறுகிப்போனார். நாலு ஆம்பிளைகள் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். அபாயா அங்கி முழங்கால்வரை ஏற, ஆயிரம் போன்கள் ஒரே நேரத்தில் மின்னின. ஆயிரம் என்பது குறைத்துச் சொன்னது. இனி மேடையென்றால் தானாக ஏறுவது, இல்லாவிட்டால் வருவதே இல்லை என்று டீச்சர் அன்றே சொல்லிவிட்டார்.

அதற்காகவே இந்த வருடம் மண்டபத்துக்கு ஒரு சின்ன மின்தூக்கி வந்தது. நாற்காலியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, பொத்தானை அமத்திப் பிடித்தால் நாலடி உயரும். பொருத்தியவர் சம்மாந்துறை மர்சூக், அரிசி ஆலை இயந்திரங்களோடு கூடப் பிறந்தவர்.

"முந்நூறு கிலோதான் தாங்கும். ஒரு கதிரை, ஒரு ஆள். கதவு சாத்தாட்டி அசையாது. தொங்குற துணி ஒண்டும் கிட்ட வரப்படாது" என்று நூறு தரம் ஓதிவிட்டு, அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போனார்.

அவர் வாசலைத் தாண்டினாரோ இல்லையோ, விழாக் குழுத் தலைவர் முபாறக் ஹாஜியார் வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், தனியவா போறீங்க? விருது எடுக்கிற ஆளைக் குழு கூட்டிட்டுப் போகாட்டி ஊர் என்ன கதைக்கும்?"

"ஹாஜியார், மர்சூக் சொன்ன..."

ஹாஜியார் ஏறினார். செயலாளர் றிபாஸ் ஏறினார். பொருளாளர் இஹ்ஸான் தலையைச் சீவிக்கொண்டே ஏறினார். படத்தில் விழாதவன் குழுவிலேயே இல்லை என்பதுதான் அங்கே எழுதாத சட்டம். ஹாஜியாரின் வயிறு வெளியே நின்றதால் கதவு சாத்தவில்லை. மின்தூக்கியும் அசையவில்லை.

"இது ஒரு விசயமா?" என்ற றிபாஸ், கதவு சாத்தியதென்று இயந்திரம் ஏமாறும்படி, திறப்பு விழா ரிப்பனால் கதவுச் சுவிட்சை இறுக்கிக் கட்டினார். கீழே நின்ற சக ஆசிரியை நஜ்லா மிஸ், தறியில் விசேடமாக நெய்வித்த, கல்முனைச் சந்தையையே மூடக்கூடிய பொன்னாடையை டீச்சரின் கழுத்தில் சுற்றிப் போர்த்தினார்.

டீச்சரின் மனக்கணக்கு ஓடியது: ஹாஜியார் நூற்றியிருபது, றிபாஸ் எண்பத்தைந்து, இஹ்ஸான் எண்பது, நானும் கதிரையும் தொண்ணூறு. முந்நூற்றி எழுபத்தைந்து! டீச்சருக்கு விடை வந்த அதே நொடியில் ஹாஜியார் பொத்தானை அமத்தினார்.

ஓரடி உயர்ந்தது. ஈரடி. சாகாமத்துக் குளத்தில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறக்குமளவுக்கு இரும்பு முனகியது. யாரோ அன்பாகத் தோளைத் தொட்டு இழுப்பதுபோல் டீச்சருக்கு முதலில் தோன்றியது. திரும்பிப் பார்த்தார். பொன்னாடையின் குஞ்சம் மின்தூக்கிக்கும் மேடைச் சுவருக்கும் இடையே போய்க்கொண்டிருந்தது.

துணி கழுத்தை இறுக்கியது. தலை தாழ்ந்தது. குரல் வரவில்லை.

டீச்சர் பணிவாகச் சலாம் சொல்கிறார் என்று சபை கைதட்டியது!

அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஹாஜியாரின் வயிற்றுக்குப் பின்னால் இருந்தது. டீச்சர் அந்த மலையை முழங்கையால் இடித்துத் தள்ளி, பொத்தானில் ஓங்கி அறைந்தார். எல்லாம் நின்றது. கைதட்டலும் நின்றது.

"யா அல்லாஹ்!" நஜ்லா மிஸ் ரிப்பன் வெட்டவிருந்த கத்தரிக்கோலால் பொன்னாடையை அறுத்தார்.

தொழுதுவிட்டு வந்த மர்சூக்கின் முகத்தில் இரத்தமே இல்லை. கைப்பிடியைச் சுற்றி மின்தூக்கியை இறக்கினார். "இன்னும் நாலு விரல் ஏறியிருந்தா டீச்சர் மௌத்து, ஹாஜியார். மௌத்து!"

ஹாஜியார் அவசரமாக வெளியே இறங்கினார். "இந்த முசீபத்துப் பிடிச்ச மெசின் வேணாம். நாலு பேர் வாங்க, டீச்சரைத் தூக்குவம்."

நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள்.

"ஒருத்தரும் தொடப்படாது." அரம் உராய்ந்ததுபோல் இருந்தது டீச்சரின் குரல். கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு. "மர்சூக், அந்த ரிப்பனை அவுத்துட்டு, வெறுமையா ஒருக்கா ஏத்தி இறக்கிக் காட்டுங்க."

டீச்சர் வெளியே வந்ததும் மர்சூக் ஏற்றி இறக்கிக் காட்டினார். டீச்சர் தானே நாற்காலியை உருட்டி உள்ளே போய், கதவைச் சாத்திப் பொத்தானை அமத்தினார். இரண்டு தரம் விரல் வழுகியது. வழுகிய ஒவ்வொரு தரமும் மின்தூக்கி நின்றது, சபையின் மூச்சும் நின்றது. மூன்றாம் தரம் இரண்டு பெருவிரலையும் சேர்த்து அமத்தினார்.

மேடைப் பக்கக் கதவு திறந்தது. டீச்சர் ஒலிவாங்கி வரைக்கும் உருண்டு போனார். தனக்குத் தர வேண்டிய விருதோடு கீழே விறைத்து நின்ற தலைவரைப் பார்த்தார்.

"ஹாஜியார், படி அங்கால இரிக்கி. நடந்து வாங்க."