பூபதியின் காய்ச்சல் போன வழி

பூபதி இறந்த மறுநாள், அவன் பெண் பார்க்கப் போன வீட்டில் சாப்பிட்ட சாமைச் சோற்றின் ருசி கண்டக்டர் மாரப்பனின் நாக்கில் வந்து உட்கார்ந்தது. மாரப்பன் ராசிபுரத்துக்காரர். அதுவரை சாமையைக் கையால் தொட்டவரில்லை. இட்லியும் புரோட்டாவுமாக வளர்ந்த உடம்பு. காய்ச்சலில் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, சோற்றுக்கு மொச்சைக் குழம்பு ஊற்றியதையும், பரிமாறிய பெண்ணின் கண்ணாடி வளையலில் ஒன்று விரிசல் விட்டிருந்ததையும், அவளை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லாமல் போதும் போதும் என்று சொல்ல மறந்து திரும்பத் திரும்பச் சோறு வாங்கிக்கொண்டதையும் மனைவியிடம் சொன்னார். யார் அந்தப் பொண்ணு என்று அவள் கேட்டதற்கு, "எனக்கென்னம்மா தெரியும், அது நானில்ல, மலைக்கார பூபதி" என்றார். அந்த வீட்டில் அதன்பிறகு நடந்த சண்டை இந்த வரலாற்றுக்குத் தேவையில்லை.

அது கொரோனாவை ஜனங்கள் ஏறக்குறைய மறந்துவிட்ட ஓர் ஐப்பசி. மழையும் பனியும் ஒன்றாக இறங்கிய நாட்களில் எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த வாழவந்தி நாட்டில் ஒரு சளிக் காய்ச்சல் கிளம்பியது. தெரிந்தவரையில் அதன் முதல் ஆள் பூபதி. அதனால் அதற்குப் பூபதி காய்ச்சல் என்றே பெயராகிவிட்டது. முதலில் மூக்கொழுகும், பிறகு வறட்டு இருமல், பெரும்பாலானவர்கள் மிளகுக் கஷாயம் குடித்து எழுந்துவிட்டார்கள். சிலருக்கு மட்டும் சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆனது. காய்ச்சல் உச்சிக்கு ஏறும்போது, கொடுத்தவரின் வாழ்க்கையிலிருந்து ஏதோ ஒரு துண்டு வாங்கியவருக்கு ஞாபகம் வந்தது. அவருக்குக் கொடுத்தவருடையதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது, அதற்கும் முந்தியவருடையது இன்னும் கொஞ்சம். ஒரே டீத்தூளில் திரும்பத் திரும்பப் போட்ட டீ மாதிரி போகப் போக நீர்த்தது. காய்ச்சல் விட்ட பிறகும் ஞாபகம் விடவில்லை. சோளக்காடு ஊரின் மிளகு வியாபாரி அண்ணாமலைக்கு, தன்னுடைய தராசு எடை குறைத்துக் காட்ட அதன் முன்னால் பூபதி வாயடைத்து நின்ற ஒரு நாள் வந்தது. தன் தராசுமேல் தனக்கே வந்த அந்தக் கோபத்தைத் தாங்க முடியாமல், உடம்பு தேறியதும் முதல் வேலையாகத் தராசை மாற்றினார். குண்டூர் நாட்டில் ஒரு மாமியார், மருமகள் அந்த வீட்டுக்கு வந்த முதல் வருசத்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள். மறுநாள் காலையில் தானே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்தக் காய்ச்சல் வருசத்தை நினைத்தால் எங்களுக்கு இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

திண்டுக்கல்காரரான டாக்டர் ஜான்பீட்டர், நிமோனியாவையும் அதற்குக் கதவு திறந்துவிடும் வைரஸ்களையும் ஆராய்வதற்காக ஒரு குழுவோடு ஏற்கனவே மலைக்கு வந்திருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்னறையில் ஒரு பெரிய குளிர்ப் பெட்டி. அதில் வைத்தால் பலாச்சுளையும் கல்லாகிவிடும். மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியைக் குப்பிகளில் அடைத்து அதில் சேர்த்தார். யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதுதான் அவருடைய கேள்வி. வைரஸின் எழுத்துகளைப் படித்து அதைச் சொல்லச் சென்னை லேப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். இங்கேயோ படுத்திருக்கிற ஆளே, "எனக்கு மொளகு யாவாரி நெனப்பு வந்துச்சுங்க" என்று சொல்லிவிடுவார். இரண்டு விடைகளும் ஒருபோதும் முரண்படவில்லை. ஜான்பீட்டர் கொஞ்ச நாள் தலையைச் சொறிந்தார். பிறகு நோயாளிகளைக் கேட்கும் கேள்விகளோடு 'வந்த ஞாபகம் யாருடையது' என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆராய்ச்சிக் கட்டுரையில் மட்டும் 'நோயாளிகள் கூறியபடி' என்று எழுதி நிறுத்திவிட்டார். அதற்குமேல் எழுதினால் யார் அச்சடிப்பார்கள்? அவருடைய நர்ஸ் ஸ்டெல்லா, மாரப்பனுக்குக் குச்சி விட்டபோது முகக்கவசத்தின் கயிறு அறுந்து, காய்ச்சலை வாங்கிக்கொண்டாள். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறவே பயந்தவள், எழுந்ததும் சில்வர் ஓக் மரத்தில் ஏணியில்லாமல் ஏறி மிளகுக் கொத்து பறித்தாள். பூபதியின் ஏற்றம் அவள் கால்களில் இறங்கியிருந்தது. சனிக்கிழமை மிளகு பறிக்கப் போவாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள், இதில் யாருக்கும் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை.

சிக்கலெல்லாம் பூபதியின் மனைவி கலைச்செல்விக்குத்தான். காய்ச்சல் அவளுக்கு மட்டும் வரவில்லை. புரட்டாசியில், அவள் சாமை விதைக்க விட்டுவைத்திருந்த துண்டு நிலத்தில், ஒரு வார்த்தை கேட்காமல் பூபதி குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நட்டுவிட்டான். அவள் மழையில் நனைந்தபடி வரப்பில் நின்று அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். சோறு வைத்துவிட்டுத் தட்டை ணங்கென்று தரையில் வைப்பாள், அதுதான் சாப்பிட அழைப்பு. இராத்திரி படுக்கையைச் சுருட்டிக்கொண்டு காட்டுக் கொட்டாய்க்குப் போய்விடுவாள். அந்தக் கோபம்தான் காய்ச்சல் அவளைத் தொடாமல் காப்பாற்றியது. ஐப்பசியில் பூபதிக்கு உடம்பு கொதித்து, தனியாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில், அவள் அவரைக்கொடிப் பந்தலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பஸ் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. தூறலில் அவன் படியில் நிற்பது திரும்பாமலே தெரிந்தது. எங்கள் மலையில் எமனே கூப்பிட்டாலும் "வாரேன்" என்று சொல்லாமல் யாரும் படியிறங்க மாட்டார்கள். பூபதி அதைச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது. கீழே ஆஸ்பத்திரியில் தனி வார்டில் போட்டார்கள், அவளை உள்ளே விடவில்லை, நுரையீரல் இரண்டும் அடைத்து அவன் போய்ச் சேர்ந்தான். சட்டைப் பையில் இருந்ததென்று ஒரு பொட்டலத்தைக் கவரில் போட்டு அவளிடம் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தாள், அதிமதுரமும் பனங்கற்கண்டும். இருமலுக்கு வாங்கியிருப்பான் என்று கூரைச் சந்தில் செருகி வைத்தாள்.

மாரப்பன் துக்கம் கேட்க வந்தபோது சாமைச் சோற்றையும் விரிசல் விட்ட வளையலையும் அவளிடமே சொன்னார். அவள் அழவில்லை. "அதைய உடுங்க, அந்தக் காலைல என்ன நெனச்சாருன்னு வந்துச்சுங்களா?" என்று கேட்டாள். அவருக்கு அது வரவில்லை. பஸ்ஸில் பூபதி தனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டே வந்ததும், முள்ளுக்குறிச்சியில் டீக்கு நிறுத்தியபோது நாட்டு மருந்துக் கடைக்குப் போனதும்தான் அவர் கண்ணால் கண்டது. அன்றிலிருந்து கலைச்செல்வி வேலையே அதுவாகத் திரிந்தாள். எந்த ஊரில் யார் பூபதி காய்ச்சலில் படுத்து எழுந்தார்கள் என்று கேட்டு, பஸ்ஸிலும் பைக்கின் பின்சீட்டிலும் போய் அந்த வீட்டு வாசலில் நின்றாள். ஒவ்வொருவரும் அவளுக்குப் புருசனில் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். அவன் சின்ன வயதில் தேனீ கொட்டி ஓடியது, திருவிழாவில் தொலைத்த செருப்பு, அவள் தூங்கும்போது மூக்கு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது. செருப்பு தொலைந்ததை அவளிடம் இருபது வருசமாக மறைத்திருக்கிறான், கள்ளன். எல்லாம் கிடைத்தது, அந்தக் காலை மட்டும் கிடைக்கவில்லை. கோபத்தோடு போனானா, வெறுத்துப் போனானா என்பது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குனி வெயில் வந்ததும் காய்ச்சல் தேய்ந்தது. ஒரு கட்டத்தில் மலை முழுக்க அது ஒரே ஒருத்தியிடம்தான் மிச்சமிருந்தது. சோளக்காட்டுச் சந்தையில் வாழைக்காய் விற்கும் பொன்னம்மாள். ஜான்பீட்டர் அவளைச் சுகாதார நிலையத்தில் ஜன்னலோர அறையில் தனியாக வைத்திருந்தார். கலைச்செல்வி ஜன்னலுக்கு வெளியே நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பொன்னம்மாள் யோசித்துவிட்டு, "பூபதியோடதா? பெருசா ஒண்ணுமில்ல கண்ணு. பஸ்ஸுக் கம்பியப் புடிச்சா உள்ளங்கை சில்லுங்குமே, மழத்தண்ணியோட, அது மட்டுந்தான்" என்றாள். கலைச்செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலை இந்தக் காய்ச்சலுக்குள்தான் இருக்கிறது.

அவள் நேராக டாக்டரிடம் போய், தன்னை அந்த அறையில் விடச் சொல்லிக் கேட்டாள். ஜான்பீட்டர் பூபதியின் எக்ஸ்ரேயைப் பார்த்திருந்தவர். "உங்க வீட்டுக்காரரு நுரையீரல் ரெண்டும் வெள்ளையாப் போயிருந்துச்சும்மா. தெரிஞ்சே உங்களை அதுல தள்ளச் சொல்றீங்களா? காய்ச்சலை நிறுத்தத்தான் நான் வந்திருக்கேன்" என்றார். அவள் வாசலை விட்டு நகரவில்லை. அவர் குரலைத் தணித்து, "சரி, வந்தாலும் அந்த ஞாபகமே வரும்னு என்ன நிச்சயம்? பொன்னம்மாளோட வாழக்கா யாவாரம் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"வந்தா வாழக்கா விக்கறேனுங்க" என்றாள் கலைச்செல்வி.

டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் பொன்னம்மாள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில், உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று தானே வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் காத்திருந்த கலைச்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, "வெத்தல வெச்சிருக்கறயா?" என்றாள். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் வைத்து வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒருவர் புருசனை ஒருவர் வைது, வெயில் ஏறும்வரை பேசினார்கள். நடுநடுவே பொன்னம்மாள் நன்றாக இருமினாள். ஸ்டெல்லா தெர்மாமீட்டரோடு வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள், ஓடிப்போய்ப் பிரிக்க நினைத்தாள். "கால் நகரல சார்" என்று பிற்பாடு டாக்டரிடம் சொன்னாள். யாருடைய கால்கள் அவை என்று ஜான்பீட்டருக்குத் தெரியும், அதனால் அவர் அவளைத் திட்டவில்லை.

பொன்னம்மாள் தேறி வாழைக்காய் விற்கப் போய்விட்டாள். கலைச்செல்வி படுத்தாள். வாடிப்போன காய்ச்சல் அவளிடம் மட்டும் பழைய கணக்கைத் தீர்ப்பதுபோல் ஏறியது. வலது பக்க நுரையீரலின் அடியில் வெள்ளை படிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்த ஜான்பீட்டர், ஆக்சிஜன் வைத்து, ஊசி மருந்து ஏற்றி, ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு அவள் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கீழே கொண்டுபோக ஆம்புலன்ஸ் வாசலில் தயாராக நின்றது. ஸ்டெல்லா ஜெபம் செய்தாள். அந்த நடுப்பகலில்தான் கலைச்செல்வியின் உள்ளங்கை சில்லிட்டது.

பஸ் படியில் நின்றுகொண்டிருந்தாள். தூறல் விழுந்தது. கண் முன்னே அவரைப் பந்தல், அதன் கீழே தன் முதுகு, சேலையில் அவளே அறியாத ஒரு கிழிசல். பூபதி அந்த முதுகைப் பார்த்து நினைத்துக்கொண்டிருந்தான். குச்சி நட்ட அன்றைக்கு மழையில் நனைந்ததிலிருந்து இவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாசமாகியும் குரல் வரவில்லை, பாவம், சாப்பிடக் கூப்பிடக்கூட முடியாமல் தட்டைத் தட்டித்தான் கூப்பிடுகிறாள். சளி எனக்கு ஒட்டிவிடக் கூடாதென்று கொட்டாயில் போய்ப் படுக்கிறாள். இப்படி ஒரு பொம்பளை யாருக்கு வாய்க்கும்? "வாரேன்" என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், தொண்டை வலிக்கும். முள்ளுக்குறிச்சியில் மருந்துக் கடை இருக்கிறது, அதிமதுரம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தால் ஆயிற்று என்று, சத்தம் போடாமல் ஏறி உட்கார்ந்தான்.

ஆக்சிஜன் மூடிக்குள் ஒரு சத்தம் கேட்டு ஜான்பீட்டர் மூச்சுத் திணறல் என்று பதறி எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூடி முழுக்க ஆவி படிந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு ஓடியது. மூடியை நகர்த்திவிட்டு, "மாசம் பூரா பேசாம இருந்தேன் சாமி. இந்த மனுசனுக்கு அது தெரியவே இல்ல" என்றாள். மறுபடியும் சிரித்தாள், மறுபடியும் அழுதாள். சாயங்காலம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அதோடு அந்தக் காய்ச்சல் மலையை விட்டுப் போய்விட்டது. அவளிடமிருந்து எடுத்த கடைசிக் குப்பியைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். வைரஸ் சாதாரணமானது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று அங்கிருந்து பதில் வந்ததாக ஜான்பீட்டர் சொன்னார். பிறகு எத்தனையோ சளி வந்தது, காய்ச்சல் வந்தது, எதுவும் எதையும் கொண்டுவரவில்லை. டாக்டர் மலையை விட்டுப் போகிறவரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், ஆனாலும் வாழவந்தி நாட்டில் பக்கத்து ஆள் தும்மினால் இன்றைக்கும் யாரும் முகத்தைத் திருப்புவதில்லை. கொஞ்சம் நெருங்கித்தான் உட்காருகிறார்கள்.

உடம்பு தேறியதும் கலைச்செல்வி கூரைச் சந்திலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். கண்டக்டர் இருக்கைக்கு நேர் பின்னால், பூபதி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். குச்சிக்கிழங்கு ஆளுயரம் வளர்ந்திருந்தது, அவரைப் பந்தல் பின்னால் போனது. ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் போட்டு மென்று சாற்றை விழுங்கிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து, "ஏனுங்க, தொண்ட இப்பப் பரவால்லீங்க" என்றாள்.

முன்னால் உட்கார்ந்திருந்த மாரப்பன் திரும்பாமலே, "அப்பச் செரி" என்றார். பிறகு எழுந்து வந்து அவளுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, அடுத்த சீட்டுக்குப் போனார்.