பொட்டு வைத்த நோட்டு

பட்டுச்சேலை வியாபாரி ஹேமநாத்துக்கு யாரும் காது குத்த முடியாது. அப்படித்தான் ஆரணி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்பேர்ப்பட்டவன் தலையிலேயே யாரோ ஒரு கள்ள ஐநூறைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் கல்லாவைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. வயிறு எரிந்தது. கிழித்துப் போட மனசு வருமா? வேறு எவன் தலையிலாவது கட்டிவிடலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். சேலையில் இழை அறுந்திருந்தால், நல்ல சரக்கோடு கலந்துவிடாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைப்பது அவன் கடை வழக்கம். பழக்க தோஷம், நோட்டின் மூலையிலும் ஒன்றை ஒட்டினான். ஒட்டியதை மறந்தும் போனான்.

மனைவி தீபாவைப் பின்னால் உட்கார வைத்து, சேவூர் ரோட்டு பங்க்கில் முந்நூறுக்குப் பெட்ரோல் போட்டான். மடித்த நோட்டை நீட்டினான். பெட்ரோல் போட்ட தமிழ்ச்செல்வி பிரித்துத் தடவினாள், வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

“கள்ள நோட்டு சார் இது.”

“ஐயய்யோ! எனக்கு இன்னாம்மா தெரியும்? எவனோ ஏமாத்திட்டுப் பூட்டான்!”

முகத்தில் பால் வடிந்தது. தீபா எட்டி நோட்டை வாங்கினாள்.

“தெரியாதுன்றீங்க. அப்புறம் இந்தப் பொட்ட யாரு ஒட்டனது?”

தீபா வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள்.

“தெரியாம கையில இருந்தா குத்தமில்ல. தெரிஞ்சே, நல்ல நோட்டுன்னு தள்ளிவுட வச்சிகினு இருந்தா ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போவலாம். சாட்சிய நீங்களே ஒட்டி வச்சிகீறீங்க.”

அவசரமாகப் போனை எடுத்துப் பெட்ரோல் காசை அனுப்பினான். தமிழ்ச்செல்வி போலீசுக்கு ஒரு போன் போட்டால் போதும், கடைக்கும் மானத்துக்கும் சேர்த்துப் பூட்டுதான்.

“யாராண்டயும் சொல்லிடாதம்மா.”

தமிழ்ச்செல்வி பெட்ரோல் குழாயை மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

“போன மாசம் இதே மாரி ஒன்னு வாங்கிட்டேன் சார். என் சம்பளத்துல புடிச்சிட்டாங்க. புள்ளைக்கு ஷூ வாங்க வச்சிருந்த காசு. குடுத்தவரு மூஞ்சிதான் ஞாபகம் வரல.”

ஹேமநாத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவள் வீட்டுச் சோற்றிலா கை வைக்கப் பார்த்தோம்?

“நேரா பேங்க்ல கொண்டு போயி ஒப்படைச்சிடறேன்மா. நடந்தத அப்படியே சொல்லிடறேன்.”

“அவங்க குடுக்கிற ரசீத என்னாண்ட காட்டிட்டுப் போங்க சார். அது வரைக்கும் உங்க மூஞ்சிய ஞாபகம் வச்சிகினு இருப்பேன்.”

அவன் வண்டியை பேங்க்குக்குத் திருப்பினான். வழியெல்லாம் தீபா அவன் தோளைப் பிடிக்கவே இல்லை.