நாலாம் இலக்கத்தின் நற்சான்று

1

“வான் ஓடுவீங்களோ எண்டு கேக்கினம், அக்கா.”

“தண்ணியில ஓடுமெண்டா ஓடுவன் எண்டு சொல்லு.”

“பகிடி விடாதேங்கோ. அவ லைனில நிக்கிறா.”

“பகிடி இல்லை, பிள்ளை. நான் படகுக்குத்தான் போட்டனான். நீ என்னத்தை அடிச்சு விட்டனீ?”

நான் அடித்து அனுப்பியது ‘டிரைவர்’ என்ற ஒரே ஒரு சொல். படிவத்தில் ‘முன்னைய பதவி’ என்ற பெட்டி ஒடுக்கமாக இருந்தது. ‘படகு ஓட்டி’யை ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு சொல், கோட்டைத் தாண்டியது. படகை வெட்டிவிட்டு ஓட்டியை மட்டும் வைத்தேன்; கம்பனி அதை வான் வண்டி ஓட்டுபவர் என்று எடுத்துக்கொண்டது.

இந்தக் கதை பிறந்தது அந்தப் பிழையில்தான். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வஸீர் நானாவின் கொமினிகேசன் கடையில் நான் வேலை செய்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், வேலை தேடுபவர்களுக்குச் சீவி அடித்துக் கொடுப்பது. ஆள் இல்லாத நேரம் மொழிபெயர்ப்பு நாவல்கள் வாசிப்பேன். உலகத்தின் எல்லாத் துயரங்களையும் தமிழில் வாசித்து முடித்தவள், பக்கத்துத் தாழ்வுபாட்டுக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் ஒரு சொல்லை மொழிபெயர்க்கத் தெரியாமல் அவரை வானில் ஏற்றிவிட்டேன்.

வேலை இதுதான்: தலைமன்னார்ப் பக்கத்து மணல் திட்டுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் ஒரு கம்பனிக்குப் படகு ஓட்ட ஆள் வேண்டும். பெண்களும் விண்ணப்பிக்கலாம். கடலில் ஐந்து வருட அனுபவம் அவசியம்.

பெற்றிசியா அக்காவுக்கு ஒன்பது வருட அனுபவம் இருக்கிறது. இரண்டாயிரத்திலிருந்து போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது வரை. அந்த வருடங்களைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கியிருக்கும், அவர் யாருடைய படகை ஓட்டினார் என்று.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

பெற்றிசியா கடலைப் பார்த்தபடி நின்றாள். உப்புக்காற்றில் அவளுடைய நீண்ட கூந்தல்

(விட்டுவிட்டேன். அவருடைய தலைமயிர் எந்தக் காற்றிலும் பறக்காது. எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டி மூன்று கிளிப் குத்தியிருப்பார். நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கம்பனியில் இப்போது வேலை. அங்கே ஒரு மயிர் விழுந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.)

இரண்டாவது தொடக்கம்:

அந்த வருடம் பனி முன்கூட்டியே

(நான் வாசித்த நாவல்களில் அரைவாசி பனியில்தான் தொடங்கும். மன்னாரில் முன்கூட்டியே வருவது சோளகக் காற்று ஒன்றுதான்.)

மூன்றாவது தொடக்கத்தில் வேறு சிக்கல். மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாப் பெண்களும் ‘அவள்’. நானும் ‘அவள் வந்தாள், அவள் அமர்ந்தாள்’ என்று எழுதிக்கொண்டு போனேன். அந்த நேரம் அக்கா நேரிலேயே கடைக்குள் வந்து, கதிரையை இழுத்துப்போட்டு, “என்ன எழுதுறாய்?” என்றார். கை கூசிவிட்டது. அன்றிலிருந்து ‘அவர்’.*

* பெற்றிசியா அவருடைய சொந்தப் பெயர் அல்ல. கதை எழுதப் போகிறேன், பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். “மாத்து. பெற்றிசியா எண்டு போடு. என்ர வகுப்பில அந்தப் பேரில ஒரு வடிவான பிள்ளை இருந்தவள்” என்றார்.

3

கம்பனியில் பேசியவர் டிலக்சனா. என் பிழையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்களுக்குப் பழைய கதை பிரச்சினை இல்லை. படகு ஓட்டத் தெரியும் எண்டதுக்குச் சாட்சிதான் வேணும். சரியா எழுதி, ரெண்டு பேரின்ர நற்சான்றோட வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பச் சொல்லுங்கோ” என்றார்.

அன்று செவ்வாய். நாங்கள் மறுபடி தொடங்கினோம்.

“படகில என்னென்ன செய்தனீங்கள்?”

“ஓட்டினனான்.”

“அது காணாது அக்கா. விரிச்சுச் சொல்லுங்கோ.”

“அலை வாற பக்கம் பார்த்து அணியத்தைத் திருப்புறது. படகின்ர மூக்கு அலைக்கு நேர நிக்கவும் கூடாது, விலகி நிக்கவும் கூடாது.”

நான் அடித்தேன்: இடர்களை முன்கூட்டியே கணித்துச் செயற்படும் திறன்.

“புதுசா வந்த பிள்ளையள் சத்தி எடுத்து அழுவாளவை. கதைச்சுக் கதைச்சு இருத்தி வைக்கிறது.”

வாடிக்கையாளர் உறவில் நீண்ட அனுபவம்.

“பத்து மணித்தியாலம் ஒண்டுக்கு இருக்காமல் அடக்குறது. ஆம்பிளையளுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.”

நான் விரலை எடுத்துவிட்டேன். அக்கா திரையை எட்டிப் பார்த்தார். “அதையும் போடு. அதுதான் எல்லாத்திலயும் கஷ்டம்.”

அழுத்தமான சூழலில் பணியாற்றக்கூடியவர்.

அதை வாசித்துக் காட்டியதும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்த வஸீர் நானா திரும்பிப் பார்த்து, “சீவியா புள்ள, நாடகமா?” என்றார்.

அக்கா சிரித்து முடித்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்:

“விடியக்காலையில கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடக்கும். எஞ்சினை நிப்பாட்டுவன். அஞ்சு பேரும் வாய் திறக்க மாட்டம். படகின்ர வயித்தில தண்ணி தட்டுற சத்தம் மட்டும் கேக்கும். சண்டையை நான் ஒரு நாளும் நினைக்கிறதில்லை பிள்ளை. அந்தத் தட்டுற சத்தத்தைத்தான் தேடுறன். நண்டுக் கம்பனியில ஐஸ் பெட்டிக்குள்ள தண்ணி ஆடினாலும் காது அங்க போயிடும்.”

இதை எந்தப் பெட்டிக்குள் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கதையில் அடிக்கிறேன்.

4

[இங்கே ஒரு கடற்சண்டை இருந்தது. இரண்டு பக்கம். நன்றாகத்தான் வந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. போரின் கடைசிக் காலத்தில் எனக்கு ஆறு வயது. எங்கள் ஊரான அடம்பனை விட்டு ஓடிக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த போர் ஒரு நீலத் தறப்பாள் கூடாரமும் அதற்குள் இருந்த வெக்கையும் மட்டுமே. மற்றதெல்லாம் வேறு நாட்டு நாவல்களில் எடுத்த புகை. கிழித்துவிட்டேன்.]

அதற்குப் பதிலாக ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். இதை அக்காதான் சொன்னார், நான் சோடித்ததல்ல.

படகில் பெயர் இல்லை, இலக்கம்தான். ஓட்டிதான் ஒண்டு. மற்ற நாலு பேரும் அவருக்குப் பின்னால். ஓட்டி திரும்பிப் பார்க்கவே கூடாது. திரும்புகிற அந்த நொடியில் அடுத்த அலை வந்துவிடும். அதனால் ஒவ்வொரு பெரிய அலைக்கும் பிறகு அவர் ‘ஒண்டு’ என்று கத்துவார். பின்னாலிருந்து ‘ரெண்டு’, ‘மூண்டு’, ‘நாலு’, ‘அஞ்சு’ என்று வரவேண்டும். அஞ்சு கேட்டால் ஆள் எல்லாம் இருக்கிறது, ஓடலாம்.

“இப்பவும் பஸ் பள்ளத்தில விழுந்து எழும்பினா வாய்க்குள்ள ‘ஒண்டு’ எண்டு வரும்” என்றார்.

“பின்னால ஆரும் சொல்லுவினமோ?”

“கொண்டக்டர் சொல்லுவான், ‘அக்கா முன்னுக்குப் போங்கோ’ எண்டு.”

படிவத்தில் அடுத்த பெட்டி: உங்கள் பொறுப்பில் இருந்தோர் எண்ணிக்கை. நான் சும்மா கேட்டேன். அக்கா திருப்பிக் கேட்டார்.

“முதலில எத்தனை எண்டு கேட்டிருக்கோ, கடைசியில எத்தனை எண்டு கேட்டிருக்கோ?”

“எண்ணிக்கை எண்டு மட்டும்தான் கிடக்கு.”

“அப்ப நாலு எண்டு போடு. என்னை விட்டு நாலு. ஆரம்பத்தில இருந்த கணக்கு.” பிறகு எழுந்து, “நானா, என்ர ஐடென்டிக் கார்ட் கொப்பி எடுத்தாச்சோ?” என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் நாலு என்று போட்டேன்.

5

நற்சான்று தருபவர் ஒன்று: பங்குத்தந்தை. உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் அக்காவைப் பார்த்தது கோயிலில், படகில் அல்ல.

நற்சான்று தருபவர் இரண்டு: உறவினர் அல்லாத, உங்கள் வேலையை நேரில் கண்ட ஒருவர்.

அக்காவின் அப்பா யாகப்பர் பெயரைப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மகளுக்குக் கடல் பழக்கியது அவர்தான் என்று கதையை மாற்றினால் அழகாகவும் இருக்கும். “அப்பாவோ? அவர் சைக்கிளில மீன் வித்தவர். நீச்சலே தெரியாது. தாழ்வுபாடு முழுக்கச் சிரிக்கும்” என்றார் அக்கா. உறவினரும் கூடாது. மேலும், நான் அழகாக்கிய இடங்களெல்லாம் இந்தக் கதையில் இதுவரை பிழையாகத்தான் போயிருக்கின்றன.

நேரில் கண்டவர்களில் ரெண்டும் மூண்டும் அஞ்சும் இன்று உயிரோடு இல்லை.

நாலு இருக்கிறார். நறுவிலிக்குளம் என்ற ஊரில். வயல், ரெண்டு பிள்ளைகள், ட்ரக்டர் ஓட்டத் தெரிந்த பெண் என்று ஊரில் பெயர். அவருடைய வீட்டுப் பெயர் பரமேஸ்வரி (இந்தப் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்) என்பதே அக்காவுக்குத் தெரியவந்தது போருக்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில் பெயர் வாசித்தபோதுதான். அக்காவின் போனில் இன்றைக்கும் ‘4’ என்றுதான் இருக்கிறது. வெளியில் வந்த பிறகு ஒரு தரம் மன்னார்ச் சந்தையில் கண்டிருக்கிறார்கள். பரமேஸ்வரி புருசனோடு வந்திருந்தார். ‘இவ ஆர்?’ என்று புருசன் கேட்டதற்கு, ‘தையல் கிளாசில ஒண்டாப் படிச்சவ’ என்றாராம். அவர் படகில் இருந்தது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். ஒரு ஆள் ‘நான் பார்த்தேன்’ என்று சொன்னால் அக்காவுக்குப் படகு. சொன்னால், அந்த ஆளின் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் பரமேஸ்வரி ஒத்துக்கொள்கிறார். படகு புறப்படுகிறது. பன்னிரண்டு பயணிகள் ஆரஞ்சு ஜக்கெட்டோடு இலக்கம் சொல்லச் சொல்ல, அக்கா திரும்பிப் பார்க்காமல் ஓட்டுகிறார். (வாசித்துவிட்டு நானே அழுதேன். அதனால் நம்பவில்லை.)

இரண்டாவதில் பதில் வராது. அக்கா தொப்பியைப் போட்டுக்கொண்டு நண்டு உடைக்கப் போகிறார். ஐஸ் பெட்டிக்குள் தண்ணி

(இதையும் முடிக்கவில்லை. அவர் சொன்ன சத்தத்தை எடுத்து அவருக்கே எதிராகப் பாவிக்க எனக்கு மனம் வரவில்லை.)

மூன்றாவதில் நான் இரண்டாவது நற்சான்றைச் சோடித்துவிடுகிறேன். ஒரு பெயர், என்னுடைய இரண்டாவது சிம்மின் இலக்கம். டிலக்சனா எடுத்தால், “ஓம், நான் பார்த்தனான்” என்று நானே சொல்வது. இந்த முடிவு கதைக்காக எழுதியதல்ல. புதன்கிழமை மத்தியானம் அக்காவிடம் உண்மையாகவே சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. “ஆள் இல்லாத இலக்கத்தை வேற ஆள் சொல்லுறேல்லை, பிள்ளை” என்றார். “நாங்கள் ஒருக்கா அப்பிடிச் செய்தனாங்கள். அஞ்சு விழுந்தது தெரிஞ்சா நான் பயப்பிடுவன் எண்டு, அவளுக்குப் பதிலா நாலு ‘அஞ்சு’ எண்டு கத்தினவள். நான் நம்பி ஓடினன். ஆள் விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போகேக்குள்ள நேரம் போட்டுது.”

நானும் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

6

இன்று வியாழன். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா எனக்கு எதிரே இருக்கிறார். கடையில் வேறு ஆள் இல்லை. மத்தியான லுகர் தொழுகைக்கு நானா பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். அக்கா போனை என்னிடம் நீட்டி, “இதைப் பிடி, அமத்திக்கொண்டு கதைக்க எனக்கு வராது” என்றார். நான் ‘4’ஐத் திறந்து, குரல்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அவர் கதைத்தார். ஒரே தரத்தில் முடித்துவிட்டார். குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. கேட்டதற்கு அடையாளமான இரண்டு சரிக்குறி இன்னும் நீலம் ஆகவில்லை.

முடிவு என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை என்ன நடந்தாலும் அதை எழுத மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வாசிக்கிற உங்களில் யாராவது பரமேஸ்வரியின் ஊராக இருக்கலாம். முடிவுக்குப் பதிலாக அக்கா போனில் கதைத்ததை அப்படியே, மொழிபெயர்க்காமல் கீழே வைக்கிறேன்.

“நாலு, நான் ஒண்டு கதைக்கிறன். சுகமா இருக்கிறியோ? உன்ர மூத்தவன் அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதினை பாஸ் எண்டு கேள்விப்பட்டன், சந்தோசம். எனக்கு ஒரு வேலை வருது. படகு. சனத்தை மணல் திட்டுக்கு ஏத்திக்கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வாறது, அவ்வளவுதான். டிலக்சனா எண்டு ஒரு பிள்ளை உனக்குப் போன் எடுப்பா. நான் படகு ஓட்டினதை நீ கண்ணால கண்டனீ எண்டு மட்டும் சொன்னாக் காணும். உன்ர வீட்டில தெரியவராது எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன், எனக்குத் தெரியாது. இயலாட்டி இயலாது, கோவமில்லை. அண்டைக்கு நீ அஞ்சு எண்டு சொன்னதுக்கும் எனக்குக் கோவமில்லை, அதையும் சொல்ல வேணும் எண்டு இருந்தனான். நான் இப்பவும் திரும்பிப் பார்க்கேல்லை. ஒண்டு சொல்லிட்டன். நீ பின்னால இருந்தா, உன்ர இலக்கத்தை மட்டும் சொல்லன்.”