எழுநூற்று இரண்டரை அங்குலத்தில் ஒரு நிச்சயதார்த்தம்

வேலங்குடி மேட்டுத் தெருவில் ஒவ்வொரு வீடும் அதன் சொந்தக்காரரின் கடன் மதிப்பெண் எத்தனையோ அத்தனை அங்குல உயரத்தில் நிற்கும். கிரெடிட் கார்டு பில் போடும் நாளில் காலை ஒன்பது மணிக்கு வங்கி கணக்கை எழுதி அனுப்பும். அதைக் கேட்டுக்கொண்டு வீடு நிமிடத்துக்கு ஓர் அங்குலம் ஏறும், அல்லது இறங்கும். அன்று வீட்டில் யாரும் சாம்பார் தாளிக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் வீடுகள் அசையாமல் நின்றன. எல்லோரும் இரும்பு ஏணியில் ஏறி இறங்கி வேலைக்குப் போய் வந்தார்கள்.

பொற்கொடிக்கு வயது முப்பத்தாறு. கேக் செய்து விற்பது அவள் தொழில். அவள் வீடு எழுநூற்று நாற்பத்தொன்றில் நின்றது. குறுகிய சந்துக்கு அந்தப் பக்கம் குணாளனின் வீடும் அதே எழுநூற்று நாற்பத்தொன்று. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். இரண்டு சமையலறை ஜன்னல்களும் நேருக்கு நேர் இருந்தன. காலையில் காப்பி ஆற்றும்போது அவர் எப்படியும் ஒரு விஷயம் சொல்வார். முந்தின நாள் யார் பிரேக்குக்குப் பதில் கிளட்சை மிதித்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் அந்த விஷயம். அவள் சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சிந்துவாள். இரண்டு வருடங்களில் அந்தக் காப்பியில்தான் கல்யாணப் பேச்சு வந்தது.

திண்டுக்கல்லிலிருந்து வந்த குணாளனின் அக்கா ராஜாத்தி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நிச்சயத் தட்டு ஜன்னலுக்கு ஜன்னல் நேரா கை மாறணும். மேலயிருந்து கீழ கொடுத்தா நாங்க போனாப் போகுதுன்னு கொடுத்த மாதிரி இருக்கும். கீழயிருந்து மேல கொடுத்தா கெஞ்சின மாதிரி இருக்கும்."

"அதுக்கென்ன, சமமாத்தானே இருக்கோம்" என்றாள் பொற்கொடியின் அம்மா. ஆவணி மாதத்தில் ஒரு நாளும் குறித்தார்கள். அது பன்னிரண்டாம் தேதி. இரண்டு வீடுகளுக்கும் பில் போடும் நாளும் அதுதான். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் பொற்கொடி ஒரு பெரிய ஓவன் வாங்கினாள். ஒரே தடவையில் பன்னிரண்டு கேக் வேகும். விலை தொண்ணூற்றோராயிரம். அவள் கார்டின் வரம்பு ஒரு லட்சம்; பாக்கி வரம்பை நெருங்கினால் மதிப்பெண் குறையும். பில் நாளன்று வீடு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இறங்கி, அறுநூற்று எழுபத்தெட்டில் நின்றது. மறுநாள் காலை அவள் காப்பியோடு ஜன்னலைத் திறந்தபோது எதிரே குணாளனின் வீட்டு அடிப்பாகம் தெரிந்தது. ஒரு குழாய், கொஞ்சம் வேர், எப்போதோ தொலைந்த ஒரு ரப்பர் செருப்பு.

"இருக்கீங்களா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"இருக்கேன்."

"உங்க தலை வகிடு மட்டும்தான் தெரியுது."

"நேரா இருக்கா?"

"கொஞ்சம் இடது பக்கம் சாயுது."

அவள் வகிட்டைச் சரிசெய்துகொண்டாள். அண்ணாந்து பேசிப் பேசி, ஒரு வாரத்தில் கழுத்து வலி வந்தது.

சீக்கிரம் மேலே போய்விடலாம் என்று அவள் ஒரு கணக்குப் போட்டாள். பாக்கி அதேதான், வரம்பைக் கூட்டினால் பாக்கியின் பங்கு குறையும். எனவே எண்பதாயிரம் வரம்புள்ள புது கார்டு ஒன்று எடுத்தாள். கார்டு தபாலில் வந்தது; அடுத்த பில் நாளன்று வீடு இன்னும் பதினாலு அங்குலம் இறங்கியது.

மதிப்பெண் அலுவலகத்திலிருந்து ஞானப்பிரகாசம் டேப்போடு வந்தார். அளந்து, அறுநூற்று அறுபத்துநாலு என்று நோட்டில் எழுதினார். பொற்கொடி அவருக்கு ஒரு துண்டு வாழைப்பழக் கேக் கொடுத்தாள்.

"வரம்பு கூடினா ஏறணும்தானே சார்?"

"ஏறும்மா. புதுக் கார்டோட நல்லது மெதுவா வரும், கெட்டது முதல்ல வந்துடும். நீங்க அப்ளிகேஷன் போட்டதும் அவங்க உங்க வரலாற்றை எடுத்துப் பார்த்தாங்க இல்ல, அதுக்குக் கொஞ்சம் இறங்கும். அப்புறம் உங்க பழைய கார்டுக்குப் பதினோரு வயசு. இதுக்கு வயசே ஆகல. ரெண்டையும் கூட்டி வகுத்தா உங்க வயசு அஞ்சரை."

"அஞ்சரை வயசுல நிச்சயதார்த்தம் பண்ணலாமா?"

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல" என்றார் அவர், கேக்கைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப புதுக் கார்டை மூடிடறேன். இல்லன்னா பழசை."

"ரெண்டையுமே தொடாதீங்க. பழசை மூடினா வரம்பும் போயிடும், பாக்கி மட்டும் நிக்கும். இன்னொண்ணும் புதுசா எடுக்காதீங்க. பாக்கியைக் குறைங்க, அதுவும் பில் போடறதுக்கு முன்னாடி. பில் வந்த பிறகு கட்டினா வட்டி வராதுதான், ஆனா வீட்டுக்குக் காது கேக்கறது பில் தேதியில எழுதின தொகை மட்டும்தான்."

அவர் இன்னொரு துண்டு கேக் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு பொற்கொடி ஜன்னலைத் திறக்கவே இல்லை, நேரமில்லை. ஓவன் நாள் முழுதும் எரிந்தது. பிறந்தநாள், வளைகாப்பு, பணி ஓய்வு என்று ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் கேக் போனது. ஒரு காது குத்துக்கு காது வடிவத்திலேயே கேக் கேட்டார்கள், செய்து கொடுத்தாள். கேக் வாசனை மட்டும் எழுபத்தேழு அங்குலம் ஏறி மேல் வீட்டுக்குப் போனது. சில நாள் மேலே ஒருவர் நெடுமூச்சு விடுவது கேட்கும். அவளுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தவள், ஆவணி பத்தாம் தேதி மாலை எண்பதாயிரம் கட்டினாள். பதினோராயிரம்தான் பாக்கி.

பன்னிரண்டாம் தேதி காலை ராஜாத்தி பதினோரு தட்டுகளோடும் எட்டு உறவினர்களோடும் தம்பி வீட்டு ஏணியில் ஏறினாள். பொற்கொடி மாம்பழ நிறப் பட்டு கட்டி, ஜன்னலில் நின்றாள். ஒன்பது அடித்தது. தரை அவள் காலைத் தூக்குவதை உணர்ந்தாள். எதிர்வீட்டு வேர் போனது, செருப்பு போனது. எழுநூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்று ஞானப்பிரகாசம் சொல்லியிருந்தார். ஓர் அங்குலம் குறைந்தால் அக்கா கோபிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் எதிர்வீட்டுச் சுவர் வேண்டியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் நகர்ந்தது.

மேலேயிருந்து ராஜாத்தியின் குரல் கேட்டது.

"தம்பி, நாம இறங்கிக்கிட்டிருக்கோம்."

"ஆமாக்கா."

"என்னடா வாங்கினே?"

"வண்டிக்கு நாலு டயர். ஒரு வாஷிங் மெஷின். மெத்தை. அப்புறம் கார்டுல இடம் மிச்சம் இருந்துச்சு, ஒரு ஏசி."

"எதுக்கு?"

"அவங்க இருக்கற உயரத்துக்கு வரத்தான்."

பொற்கொடி ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. "நான் மேல வந்துக்கிட்டிருக்கேன்!" என்று கத்தினாள்.

ராஜாத்தி ஒரு கணம் யோசித்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உறவினர்களை வரிசையாக நிறுத்தினாள். "நேரா வர்றது ஒரு நிமிஷம்தான். யாரும் நலம் விசாரிக்கக் கூடாது. தட்டு மட்டும்."

ஒன்பதரைக்கு அவளுக்குக் குணாளனின் வேட்டிக் கட்டு தெரிந்தது, அப்புறம் சட்டைப் பொத்தான்கள். ஒன்பது முப்பத்தெட்டரைக்கு, மூன்று மாதமாகப் பார்க்காத முகம் முழுதாக வந்து எதிரே நின்றது. மீசையை எடுத்திருந்தார். இரண்டு வீடுகளும் எழுநூற்று இரண்டரை அங்குலத்தில் இருந்தன.

"கொடு, கொடு" என்றாள் ராஜாத்தி.

வெற்றிலை பாக்கு வந்தது. பூ வந்தது, பட்டு வந்தது, மஞ்சள் குங்குமம் வந்தது. அம்மா வாங்கி வாங்கித் தரையில் வைத்தாள். ஆப்பிள் தட்டில் இரண்டு பழம் உருண்டு சந்தில் விழுந்தன. பதினோராவது தட்டைக் குணாளன் நீட்டியபோது அவர் விரல் அவள் விரலில் பட்டது. அவள் பதிலுக்கு ஒரு கேக் பெட்டியை நீட்டினாள். அவர் அதை வாங்கும்போது அவர் கை அரை அங்குலம் கீழே இருந்தது. எல்லோரும் ராஜாத்தியைப் பார்த்தார்கள்.

"எனக்கு நேராத்தான் தெரியுது" என்றாள் அவள்.

வீடுகள் ஒன்றையொன்று கடந்து போயின. அவர் கீழே போய்க்கொண்டே அண்ணாந்து பார்த்தார். அவள் மேலே போய்க்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"உங்க வகிடு நேரா இருக்கு" என்றாள் பொற்கொடி.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. வாஷிங் மெஷின் கடனும் ஏசி கடனும் அடைந்து முடியத் தை மாதம் ஆனது. அதற்குள் அவர் வீடும் ஏறி வந்து, இரண்டு சமையலறைகளுக்கும் நடுவே ஒரு பலகை போட்டுக்கொண்டார்கள்.

பங்குனியில் ஒரு காலை பொற்கொடி கோலம் போட இறங்கினாள். இரண்டு வீடுகளுக்கும் கீழே, சந்தில், முழங்கால் உயரமே உள்ள ஒரு சின்ன வீடு தரையோடு நின்றிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. ஜன்னல் திறக்கவில்லை. அவள் குணாளனைக் கூப்பிட்டாள். அவர் குடையை எடுத்து வந்து அதன் மேல் வெயில் படாமல் பிடித்தார். அவள் அதன் வாசலில் உள்ளங்கை அளவு கோலம் ஒன்று போட்டாள்.

வீடு பிறந்த செய்தியைச் சொல்ல அக்காவுக்கு போன் செய்தார்கள்.

"யார் சாயல்?" என்றாள் ராஜாத்தி.

"கூரை ஓடு உங்க சாயல்க்கா" என்றார் குணாளன்.

"சுண்ணாம்பு அடிச்சாச்சா?"

"மூணு மாசம் ஆகட்டும்னு இருக்கோம்."

"அதுவும் சரிதான்" என்றாள் அக்கா.