முதல் ரயிலின் ஒரு நிமிடம்

இந்த ஊரில் என் மனைவியின் குரலைக் கேட்காத ஆள் நான் ஒருவன்தான். அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்பதையெல்லாம் அவள் வாயால் கேட்டுத்தான் ஊரே ஓடுகிறது. எனக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஊருக்கெல்லாம் அவள் குரல், எனக்கு அவள் கை. கல்யாணமான புதிதில் இந்தப் பங்கீட்டில் எனக்குத்தான் லாபம் என்று நினைத்துக்கொள்வேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்காகவே சைகை மொழி கற்றுக்கொண்டவள். கற்ற பிறகு நிறுத்தவே இல்லை. பாத்திரம் கழுவும்போது பாதியில் திரும்பி நின்று ஈரக் கையோடு சண்டை போடுவாள். என் சட்டையெல்லாம் நனைந்துவிடும். கைப்பேச்சில் நீ, நீங்கள் என்ற மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது. விரலை நீட்டினால் தீர்ந்தது. அவள் விரல் என்னைப் பார்த்து நீளாத நாளே இருந்ததில்லை.

அந்தக் கைக்குத்தான் முடக்குவாதம் வந்தது. முதலில் காலை வேளையில் மட்டும் விரல்கள் மடங்க மறுத்தன. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் இளகும். பிறகு வெந்நீருக்கும் இளகவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே மூட்டுகளை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்று டாக்டர் விளக்கினாராம். ஆள் தெரியாமல் அடிக்கிற காவல்காரனுக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேனே என்று இவள் நொந்துகொண்டாளாம். மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஓர் ஊசி ஒரு வருஷம் நன்றாக வேலை செய்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. அவள் அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு தைலத்தோடு வந்தார். அலமாரியில் இடம் போதவில்லை.

மற்றவர்களுக்கு இது வலி, வீக்கம். எனக்கு இது வேறு. அவள் கை வார்த்தைகளை மென்று விழுங்க ஆரம்பித்தது. நிமிர வேண்டிய விரல் பாதியில் நின்றது. சேர வேண்டிய விரல்கள் சேரவில்லை. ஒரு வாக்கியத்தில் பாதி எனக்குப் புரியாமல் போனது. மறுபடி சொல் என்று கேட்டால் மறுபடி வலிக்குமே என்று, புரிந்ததுபோல் தலையாட்டினேன். அவள் என்ன ஏமாளியா? ஒருநாள் வேண்டுமென்றே அர்த்தமில்லாமல் கையை அசைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ரொம்பச் சிரத்தையாகத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு காலை வேளையில் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். போனில் எழுதிக் காட்டலாமே என்பார்கள். எழுத்தில் அவள் போடும் சண்டை சண்டை மாதிரியே இருக்காது. பேச்சு நின்றுபோன வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

அந்த நாட்களில் நிறையக் கனவு வந்தது. என் கனவில் வருகிற எல்லோருக்கும் கைப்பேச்சு தெரியும். ஒரு ரயில் எங்கள் கூடத்தின் வழியாக, நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு, மெதுவாகப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவள் இரண்டு கையாலும் எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டே போவாள். ஒரு விரல்கூடப் பிசகாது. அவ்வளவும் எனக்குப் புரியும். விழித்ததும் என்ன சொன்னாள் என்பது மறந்துபோயிருக்கும்.

பிறகு பெரிய மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். புது மருந்து இல்லை, ஒரு கருவி. மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிற்றுக்குள் இறங்கும் நரம்பு ஒன்று இருக்கிறதாம். கழுத்தில் மாத்திரை அளவுக்கு ஒரு கருவியை அந்த நரம்பின்மேல் வைத்துத் தைத்துவிடுவார்கள். அது தினமும் ஒரே ஒரு நிமிடம் நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தட்டும். அந்தத் தட்டல் உள்ளே இருக்கும் காவல்படைக்குப் போய், போதும் அடங்கு என்று சொல்லும். சொல்லுமா என்பதுதான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி டாக்டர் மெலிந்த பெண்மணி. எனக்காக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, என் மனைவி அதைக் கையால் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அவள் கையின் வேகத்துக்குக் காத்திருக்க நிறையப் பொறுமை வேண்டும்.

கருவியை எல்லோருக்கும் வைப்பார்கள், ஆனால் பாதிப் பேருக்குத்தான் ஓடவிடுவார்கள். மீதிப் பேருக்கு அது சும்மா கிடக்கும். யாருக்கு ஓடுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மூட்டுகளை அழுத்திப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் மனம் தன் பங்குக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிடும், பலன் கருவியினுடையதா மனத்தினுடையதா என்று பிரிக்க முடியாது. மூன்று மாதம் கழித்து உண்மையைச் சொல்லி, இருக்கிற எல்லோருக்கும் ஓடவிடுவார்கள். நடுவில் விலகினால் விலகியதுதான். இன்னொன்றும் சொன்னார். அந்த நரம்பிலிருந்துதான் குரலுக்கும் ஒரு கிளை போகிறது, அதனால் ஓடுகிற நிமிடத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குரல் நடுங்கும். ஆகவே நீங்கள் தூங்குகிற நேரமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், விழித்திருந்து பேசிப் பார்க்காதீர்கள் என்றார். என் மனைவி யோசிக்கவே இல்லை. முதல் ரயில் புறப்படுகிற அதிகாலை நேரத்தைச் சொன்னாள். இப்போதெல்லாம் பகல் ஷிப்ட்தான், அந்த நேரத்தில் கட்டை மாதிரி தூங்குவேன் என்றாள்.

நான் கைகளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கையால் பேசுகிறவனுக்கு ரகசியம் காக்க வேறு வழி இல்லை.

ஏனென்றால் அவள் அந்த நேரத்தில்தான் பேசுவாள். பல வருஷம் அதிகாலை ஷிப்ட் பார்த்தவள். உடம்பு அதை மறக்கவில்லை. முதல் ரயிலின் நேரம் வந்ததும், கண்ணைத் திறக்காமல், தூக்கத்திலேயே அந்த ரயிலை அறிவித்துவிடுவாள். அது அவளுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தலையணைக்கு அடியில் அதிரும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. கடை திறப்பதற்கு முன்பே சாணைக்கல்லைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும் என்று நேரத்தோடு எழுந்து பழகியவன் நான். அப்படி ஒருநாள் அவள் உதடு ஊர்ப் பெயர்களைச் சொல்லி அசைவதைப் பார்த்து, கழுத்தில் இரண்டு விரலை வைத்தேன். உள்ளே அவள் குரல் ஓடிக்கொண்டிருந்தது. நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு, ஒரு இடைவெளி, பிறகு ஊர்ப் பெயர்கள் வரிசையாக. தினமும் அதே அறிவிப்பு என்பதால் போகப் போக எந்த ஊர் என்றுகூட விரலுக்குப் பிடிபட்டது. என் ஆயுளில் நான் கேட்டது அந்த ஒரு நிமிடம்தான். சொன்னால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாளோ என்று மூச்சு விடவில்லை.

கருவி வைத்த காயம் ஆறியது. ஆரம்பிக்கும் நாள் என்று சொன்ன நாளும் வந்தது. நீல வெளிச்சம் ஜன்னலில் கசிகிற நேரம். வழக்கம்போல் விரலை வைத்தேன். பேசிப் பார்க்காதே என்பது அவளுக்குச் சொன்ன விதி. பேசியது அவள், பார்த்தது நான், இதில் யாரைப் பிடிப்பார்கள் என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டேன். அறிவிப்பு வந்தது. நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. எண்ணெய் போட்ட சக்கரம்போல் வழுவழுவென்று, துளி நடுக்கம் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

சும்மா கிடக்கிற பாதியில் இவளும் ஒருத்தி என்று புரிந்துவிட்டது.

அவளோ நம்பினாள். கழுத்தில் விடியற்காலையில் ஏதோ இளஞ்சூடு தெரிகிறது என்றாள். விரல் கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றாள். மூட்டுகளை அழுத்திப் பார்க்கும் இளம் டாக்டர், தோள் முதல் முழங்கால் வரை ஒவ்வொன்றாக அழுத்தி, வலிக்கிறதா என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசாதவர், குறித்துக்கொண்டு போனார். நான் மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். கையை அவிழ்த்தால் உண்மை வெளியே வந்துவிடும். அவளுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடமே டாக்டரிடம் சொல்லிவிடுவாள். தாமதமான ரயிலைத் தாமதம் என்று சொல்லியே பழகிய வாய். சொன்னால் ஆராய்ச்சியில் அவள் கணக்கு கெடும், முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய கைகளுக்கு ஆகவேண்டிய வேலையும் கெடும். பகலெல்லாம் லென்ஸைச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கும்போது அந்த அதிர்வு முழங்கைவரை ஏறும். அதிலும் அவள் குரலைத் தேடினேன்.

நம்பிக்கையின் லேசு கொஞ்ச நாள்தான் நின்றது. பிறகு விரல்கள் பழையபடி இறுகின, அதைவிட மோசமாகவும் போயின. ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தவே முடியாமல் பக்கத்து மேசைக்காரர் அழுத்த வேண்டியிருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, என்னிடம் சொன்னாள்.

"இது வேலை செய்யல. வெளிய எடுத்துடச் சொல்லப்போறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. வேலை செய்யாமல் போவதற்கு, அது இன்னும் வேலையையே ஆரம்பிக்கவில்லையே. அவளுக்குத் தோல்வியாகத் தெரிவது எனக்கு மிச்சமிருக்கிற ஒரே நம்பிக்கை. இதைச் சொல்லிவிட்டால் போதும், இருந்துவிடுவாள். சொல்லவும் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் இரு என்றேன். எதற்கு என்று கேட்டாள். ஓடியும் பிரயோஜனமில்லாத ஒன்றைக் கழுத்தில் சுமந்துகொண்டு யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.

பதில் என் விரல் நுனிவரை வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு, அதற்கு அடியில் இருந்த இன்னோர் உண்மையைச் சொன்னேன்.

"எனக்காக இரு. ஊர்ல எல்லாருக்கும் உன் குரல் இருக்கு. எனக்கு உன் கை மட்டும்தான். அதுவும் போச்சுன்னா இந்த வீட்ல நான் தனியாள்."

இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவள் குனிந்து, முடியாத விரல்களால் செருப்பைக் கழற்றினாள். நான் உதவப் போனபோது தட்டிவிட்டாள். இருக்கிறேன் என்பதை அவள் பாணியில் அப்படித்தான் சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஆராய்ச்சி டாக்டர் கணினியில் பார்த்துச் சொன்னார், உங்களுடையது இதுவரை ஓடவில்லை என்று. என் மனைவி முதலில் அதிர்ந்தாள், பிறகு அந்த இளஞ்சூட்டை நினைத்துச் சிரித்தாள். நானும் ஆச்சரியப்பட்டேன். நன்றாகவே நடித்தேன் என்று நினைக்கிறேன். அங்கேயே ஓடவிட்டார்கள்.

மறுநாள் விடியலில் விரலை வைத்தேன். அறிவிப்பு ஆரம்பித்தது. ஆரம்பித்த உடனேயே உடைந்தது. குண்டும் குழியுமான சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டே பேசுகிறவளைப்போல் குரல் உள்ளே கிடந்து குலுங்கியது. நீளம் எது, சின்னது எது, எந்த ஊர், ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஒரு நிமிடமும் அப்படியே போனது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. துக்கமும் இருந்தது, மறைப்பானேன். அவள் கை வேண்டுமென்றால் இதைக் கொடு என்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. எடுத்துக்கொள் என்றேன்.

கை உடனே வந்துவிடவில்லை. சிலருக்கு நாளாகும், சிலருக்குப் பலனே இராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ரயில்கள் வந்தன, போயின. கனவில் கூடத்தின் வழியாகப் போகிற ரயில்கூட இப்போது நின்று நின்று போனது. விடியலில் நான் விரல் வைப்பது, நடுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் என்று ஆனது. இருந்தது. தினமும் இருந்தது. அவள் விரல்கள் மட்டும் அதை இன்னும் கேள்விப்படவில்லை.

அப்படி ஒருநாள் விரல் வைத்திருந்தபோது அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். இத்தனை வருஷம் கழித்துக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். வெந்நீர் இல்லை, மாத்திரை இல்லை, விடிந்தும் விடியாத வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவள் இரண்டு கையும் எழுந்தன.

"என் கழுத்துல கைய வச்சுக்கிட்டு என்ன பண்ணிட்டிருக்க?"

ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்தில் நின்றது. இடது சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. மற்றபடி ஒரு சொல்கூட மென்று விழுங்கப்படவில்லை. நான் புரியவில்லை என்றேன். மறுபடி சொல் என்றேன்.

பாவம், தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, இன்னும் பெரிதாக, இன்னும் நிதானமாகச் சொன்னாள். புரியவில்லை என்றேன். கோபம் வந்துவிட்டது. கண் தெரியலையா உனக்கு, காதுதான் இல்லையென்றால் கண்ணும் போய்விட்டதா, திருட்டுத்தனமாக என் கழுத்தில் என்ன தேடுகிறாய் என்று இரண்டு கையாலும் பொரிந்து தள்ளினாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கன்னத்தில் கண்ணீர் வழிவதை அவள் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். அவள் கை பாதியில் நின்றது. அப்படியே அந்தரத்தில் நின்ற தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு, நான் கேட்காமலேயே, முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.